கால் அங்குல மரியாதை

கதவைச் சாத்துகிறார். டமார். உடனே குனிந்து, கண்ணாடியில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறார். காரின் கூரையிலிருக்கும் சின்ன விளக்கு அணைந்துதான் இருக்கிறது. வியாகுலத்துக்கு அதில் நம்பிக்கையில்லை. கதவைத் திறக்கிறார், விளக்கு எரிகிறது. மறுபடியும் டமார், மறுபடியும் குனிதல். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் முப்பத்தொரு தடவை இது நடந்தது. காரின் சொந்தக்காரர் முதல் பத்துத் தடவை பொறுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு டமாருக்கும் அவருடைய தோள் ஒரு முறை தூக்கிப்போட்டது.

"அவசரப்படாதீங்க. லைட்டு நம்ம முன்னால நல்ல புள்ளையாட்டந்தான் இருக்கும். நம்ம தல மறைஞ்சப்புறந்தான் வேலையக் காட்டும்" என்றார் வியாகுலம், முப்பத்திரண்டாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டே.

மஸ்கெலியா டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், நீர்த்தேக்கத்தைப் பார்த்து இறங்கும் சரிவில் அவருடைய தகரக் கொட்டில் இருக்கிறது. போர்டு கிடையாது. 'லைட்டு வியாகுலம்' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வயரிங் வேலை எல்லாமே தெரியும். ஹோர்ன் அடிக்காவிட்டாலும் வருவார், சிக்னல் எரியாவிட்டாலும் வருவார். ஆனால் காருக்குள் எரிகிற விளக்கு அணையமாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து சொன்னால்தான் அவர் முகத்தில் ஒரு களை வரும். ஸ்டூலிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி, "எத்தன நாளா?" என்பார்.

விசயம் சின்னதுதான். கதவு நிலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவு மூடும்போது அதை அமுக்கும், விளக்கு அணையும். திறந்தால் அது வெளியே துருத்திக்கொண்டு வரும், விளக்கு எரியும். சீமையில் இதைச் செய்தவர்களுக்கு எங்கள் பக்கத்து மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வருசத்தில் ஒன்பது மாதம் பனியும் தூறலும். துருவேறிய பொத்தான் துருத்தியபடியே நின்றுவிடும். விளக்கு இராவெல்லாம் எரியும். விடிந்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். மேட்டில் வீடுள்ளவர்கள் காரைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொள்கிறார்கள். பள்ளத்தில் வீடு கட்டியவர்கள்தான் வியாகுலத்தின் நிரந்தர வாடிக்கைக்காரர்கள்.

வயது நாற்பத்திரண்டு. ஒல்லி. காக்கி அரைக்காற்சட்டை, முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு வயர் தொங்கும் சின்ன பல்ப் ஒன்றும், அந்தோனியார் படம் ஒன்றும் வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும். ஆகவே அவர் கை வைக்கிற எந்தக் காரும் புனிதர் பார்வையில்தான் சோதிக்கப்படுகிறது. கைக்கடிகாரம் இல்லை; நேரக் கணக்கெல்லாம் செபத்தில்தான். பேட்டரி தாங்குமா என்று பார்க்க ஒரு பரலோக மந்திரம், வயர் சூடேறுகிறதா என்று பார்க்க மூன்று அருள்நிறைந்த மரியே. "அஞ்சு மரியே தாங்கிருச்சின்னா அஞ்சு வருசத்துக்குப் பயமில்ல" என்று ஒரு முதலாளியிடம் உத்தரவாதம் கொடுத்தார். அந்த முதலாளி முஸ்லிம். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

வேண்டாத நேரத்தில் எரியும் விளக்கைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே போனபின், நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்ப்பைப் போகிற போக்கில் அணைத்துவிட்டு வந்துவிட்டார். இராப்பகலாக எரியவேண்டிய விளக்கு அது. சுவாமியார் கூப்பிட்டு விசாரித்தபோது, "தெரிஞ்சி செய்யல ஃபாதர், கை செஞ்சிருச்சி" என்றாராம். கைக்கும் சேர்த்து ஒரு முழுச் செபமாலை தண்டனையாகக் கிடைத்தது. அவருடைய மனைவி தெரேசா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே லைட்டை அணைத்துவிட்டுப் போவார் என்பதும், தெரேசா அப்போது சொல்லும் வார்த்தைகளுக்குச் சுவாமியார் தண்டனை கொடுப்பதில்லை என்பதும் தனிக் கதை.

அவருடைய தொழிலை மதிக்காத ஒரே ஆள் அவருடைய அம்மா மரியநாயகி. டவுனுக்கு வந்து மகனோடு இருக்கமாட்டேன் என்று ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கீழ்க்கணக்கு லயத்து வரிசைவீட்டிலேயே இருக்கிறார். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறேன். ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்: "எங்க லயத்துல இருவது காம்பரா. ஒரு பல்ப்பு கெடையாது. லாம்பெண்ணக்கு நாங்க அலையிறோம். எம்மவன் என்னடான்னா எரியிற லைட்ட அணைக்கிறதுக்குன்னு ஒரு தொழில் வச்சிருக்கான். இது ஞாயமா மாஸ்டர்?"

இனி அந்த வாரத்தைச் சொல்லவேண்டும். போன ஐப்பசியில் வியாகுலத்தையே ஒரு விளக்கு கலங்கடித்த வாரம் அது.

தோட்ட மேனேஜரான ஊசிமலைத் துரையின் கறுப்புக் காரில் பின் சீட்டுக்கு மேலுள்ள விளக்கு இராவெல்லாம் எரிகிறது என்று செய்தி வந்தது. விடிந்தால் கார் அசையாது. ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குத் துரை போகவேண்டும். பெரட்டுக்களத்திலிருந்தே எட்டுப் பேர் வந்து காரைத் தள்ளவேண்டும். அவர்கள் தள்ளி முடிக்கும்வரை பெரட்டு ஆரம்பமாகாது. காரேஜ் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்ததைக் காவல்காரன் பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டான். துரை ஒரு முடிவுக்கு வந்தார்: டிரைவர் சோலைமலை இராத்திரியில் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்.

சோலைமலைக்கு வயது ஐம்பத்தைந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. இருபத்தெட்டு வருசமாக அந்த பங்களாவில் கார் ஓட்டுகிறவர். சனிக்கிழமை பெரட்டுக்குக் கார் தானாக ஸ்டார்ட் ஆகவேண்டும், ஆகாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போ என்று துரை சொல்லிவிட்டார். அந்த வயதில், அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு கவ்வாத்து மலையில் ஒரு கிழமை தாங்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் திங்கட்கிழமை சோலைமலை காரைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். வியாகுலம் கதவைச் சாத்தினார், டமார், விளக்கு அணைந்தது. நாற்பது தடவை சாத்தினார், நாற்பது தடவையும் அணைந்தது. பொத்தானைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலையில் எட்டுப் பேர் தள்ளினார்கள். செவ்வாய் மத்தியானம் புதுப் பொத்தான் போட்டார். புதன்கிழமையும் எட்டுப் பேர் தள்ளினார்கள். அன்றைக்கு வயரை முழுசாக உருவி எடுத்து மாற்றினார். வியாழன் காலை தள்ளுகிறவர்கள் கூப்பிடாமலேயே வந்து நின்றார்களாம்.

கொட்டிலில் அணைகிற விளக்கு பங்களாவில் அணையவில்லை. வியாகுலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னயக் கண்டா அதுக்குப் பயம் மாஸ்டர். சோலைமலண்ணனக் கண்டா எளக்காரம்" என்றார். பேச்சில் பகிடி இருந்தாலும் முகத்தில் இல்லை. சோலைமலையின் மனைவி மீனம்மா முந்தின நாள் கொட்டிலுக்கே வந்து, காரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருந்தார். அதுதான் இவரைப் போட்டு அரித்தது.

வியாழன் பின்னேரம் வியாகுலம் பங்களாவுக்கே ஏறிப்போய்க் காரேஜ் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்குக் கார் வந்தது. சோலைமலை இறங்கி ஓடிவந்து பின் கதவைத் திறந்தார். துரை இறங்கி உள்ளே போனார். அவர் படியேறி மறையும்வரை சோலைமலை கதவைப் பிடித்தபடி குனிந்து நின்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதைப்போல, மெல்ல மெல்லத் தள்ளினார். சத்தமே இல்லை. கதவு மூடிவிட்டதாகத்தான் தோன்றியது.

வியாகுலம் எழுந்துபோய் அந்தக் கதவை ஒரு விரலால் தொட்டார். ஆடியது. முழுசாகப் பூட்டிக்கொள்ளாமல் முதல் கொக்கியிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே விளக்கு. பகல் வெளிச்சத்தில் அது எரிவது கண்ணுக்குத் தெரியவில்லை.

"என்னாண்ணே இது, இப்பிடிச் சாத்துறீங்க?"

"சத்தம் ஆவாது தம்பி. தொரசாணிக்குத் தலவலி."

"எந்தத் தொரசாணிக்கு?"

சோலைமலை கொஞ்சம் யோசித்தார். முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு என்றார். அந்த அம்மாள் தலைவலியோடு கப்பலேறிச் சீமைக்குப் போய்ப் பதினேழு வருசமாகிறது. அதற்குப் பிறகு நாலு துரைமார் வந்து போய்விட்டார்கள், தோட்டமே அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. கதவை இனி அடித்துச் சாத்தலாம் என்று சோலைமலையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் அந்த மெல்லிய தள்ளே கதவுக்குப் போதுமாயிருந்தது. இப்போது கதவுக்கும் வயதாகிக் கொஞ்சம் தொங்கிவிட்டது. துரை ஏறிக்கொண்டால் உள்ளேயிருந்து அவரே இழுத்து அடித்துக்கொள்கிறார். இறங்கிய பிறகுதான் சோலைமலையின் மரியாதை.

காரணம் கிடைத்ததும் வியாகுலம் வாளியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் வேலை முடியவில்லை. சோலைமலைக்குக் கதவை அடித்துச் சாத்தப் பழக்கவேண்டும். பழக்கினார். சோலைமலை பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, கதவை வேகமாகத்தான் வீசினார். ஒரு சாண் தூரம் இருக்கும்போது மற்றக் கை தானாக ஓடிவந்து கதவைத் தாங்கிப் பிடித்தது. பத்துத் தடவை வீசினார், பத்துத் தடவையும் பிடித்தார். கடைசியில் பாவமாக நின்றுகொண்டு, "நீ சொல்றது ஞாயந்தான் தம்பி. கை கேக்க மாட்டேங்குது" என்றார். கை செய்கிற காரியத்துக்குக் கோயிலில் தண்டனை வாங்கிய மனிதர் இதற்குமேல் என்ன சொல்வார்?

அன்று இரவு தெரேசாவின் இடது கால் ரப்பர் செருப்பு காணாமல் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அது குதிகால் பக்கத்தில் ஒரு துண்டு குறைந்து திரும்பக் கிடைத்தது. அந்தத் துண்டைக் கத்தியால் செதுக்கி, கதவின் விளிம்பில் பொத்தானை அமுக்குகிற இடத்தில் ஒட்டியிருந்தார் வியாகுலம். கதவு முதல் கொக்கியில் நின்றாலும் ரப்பர் நீண்டுபோய்ப் பொத்தானை அமுக்கிவிடும். எவ்வளவு கனம் என்று கேட்டேன்.

"கால் அங்குலம் மாஸ்டர். சோலைமலண்ணன் மரியாத அவ்வளவுதான் இடிக்குது" என்றார்.

காரை பங்களாவில் விடப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பஸ் வரவில்லை என்பது ஒரு காரணம். வியாகுலத்துக்குச் சாட்சி வேண்டியிருந்தது என்பது உண்மையான காரணம். நான் முன் சீட்டில். வியாகுலம் பின்னால், துரை உட்காரும் இடத்தில். தோட்டத்து எல்லை மதகில் காரை நிறுத்தி, சோலைமலையை இறக்கி, பின் கதவை அவருடைய முறைப்படியே சாத்தச் சொன்னார். சாத்தினார். சத்தமில்லை. தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. மூன்று தடவை பார்த்தோம், மூன்று தடவையும் அணைந்தது. எனக்குப் போதும். வியாகுலத்துக்குப் போதவில்லை. கண்ணாடியில் கைகளைக் குவித்து உள்ளே பார்க்க இப்போது அவர் வெளியில் இல்லை. உள்ளேயிருந்து தன் கண்ணை மட்டும் நம்ப அவர் தயாராயில்லை.

"லயத்து ரோட்டால போங்கண்ணே. சனம் சொல்லட்டும்" என்றார்.

அது எப்படியென்றால், எங்கள் பக்கத்தில் துரை கார் வந்தால் ரோட்டில் நடக்கிறவர்கள் ஒதுங்கி, ஓரத்து வாய்க்காலான கானில் இறங்கவேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கவேண்டும். ஆண்கள் தலைத்துண்டை எடுக்கவேண்டும். பிறகு சலாம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது எழுதிய சட்டத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் இது அப்படியே இருக்கிறது. காருக்குள் விளக்கு எரிந்தால் பின்னால் இருப்பது வியாகுலம் என்று தெரிந்து சனங்கள் சிரிப்பார்கள். விளக்கு அணைந்திருந்தால் சலாம் கிடைக்கும். இதைவிட நல்ல சோதனை சீமையிலும் இருக்காது.

மணி ஆறு தாண்டியிருந்தது. தூறலும் பனியும். பறித்த கொழுந்தின் அந்தி நிறுவை முடிந்து ஆட்கள் லயங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் வளைவில் இரண்டு பேர். கானில் இறங்கினார்கள், தலைத்துண்டு தோளுக்கு வந்தது, சலாம் விழுந்தது.

"ரெண்டு" என்றார் வியாகுலம், பின்னாலிருந்து குதூகலமாக.

அடுத்து, கம்பளியைத் தலையிலிருந்து சரித்துக்கொண்டு மூன்று பெண்கள். "அஞ்சு." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சோலைமலையின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. திங்கட்கிழமை கவ்வாத்துக்குப் போகவேண்டியதில்லை. நான் வெளியே பார்த்தேன். என்னிடம் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் தகப்பன் மழையில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன்.

"ஏழு" என்று கேட்டது. எட்டு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வியாகுலம் என்னைவிடத் தாழ்வாகச் சரிந்து, மூக்குவரை சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். எத்தனை தடவை அதே கானில் இறங்கி நின்றிருப்பார்.

"போதும்ணே. வெளங்கிருச்சி. வெரசா விடுங்க" என்றார் மெதுவாக.

வெரசாக விட முடியவில்லை. கீழ்க்கணக்கு வளைவில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண், தலையில் பெரிய விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார். கார்ச் சத்தம் கேட்டதும் ரோட்டோரம் ஒதுங்கினார். விறகோடு சலாம் போட முடியாது. கட்டை இறக்கவேண்டும். ஒரு கையால் கட்டைப் பிடித்து, மற்றக் கையை முழங்காலில் ஊன்றி, ஒரு காலைக் கானுக்குள் வைத்து அவர் குனியத் தொடங்கியபோதுதான் முகம் தெரிந்தது. மரியநாயகி.

வியாகுலம் பின் கதவைப் படக்கென்று திறந்தார். விளக்கு எரிந்தது. சோலைமலை பிரேக்கை மிதித்தார்.

மஞ்சள் வெளிச்சத்தில், துரை சீட்டில், கொலருக்குள்ளிருந்து பாதி முகம் வெளியே வந்த நிலையில் மகன் இருந்தார். மரியநாயகி குனிந்தது குனிந்தபடியே அவரைப் பார்த்தார்.

"அடப் பாவி. ஒனக்காடா நான் கான்ல எறங்குனேன்?"

"இல்லம்மா" என்றார் வியாகுலம். "கதவத் தொறந்தா எரியுதான்னு பாத்தேன். அதையும் பாக்கணும்ல."

சொல்லிக்கொண்டே இறங்கிக் கானுக்குள் குதித்தார். விறகுக் கட்டைத் தன் தலைக்கு மாற்றினார். மரியநாயகி சேலையை உதறிவிட்டு, சீட்டிலிருந்த மகனுடைய சாமான் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, திட்டியபடி முன்னால் நடந்தார். இவர் பின்னால் நடந்தார்.

சோலைமலை இறங்கி வந்தார். யாருமில்லாத பின் சீட்டுக்கு முன்னால் சற்றுக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்து, சத்தமில்லாமல் சாத்தினார்.

பத்தடி போயிருந்த வியாகுலம் நின்றார். தலையில் பாரம் இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆகவே குறுகலான வளைவில் பஸ் திரும்புவதைப்போல, முழு உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். விறகு சரியாமல் முழங்காலை மடித்துத் தாழ்ந்து, இரண்டு கைகளையும் கட்டிலிருந்து எடுத்துக் கண்ணோரம் குவித்துக்கொண்டு, காருக்குள் லைட் அணைந்துவிட்டதா என்று பார்த்தார்.